இருபத்திரண்டு புள்ளி ஒன்றுக்கு ஒரு கல்வெட்டு

அடைக்கலமேரி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அனுமதி கேட்டாள். கேட்காமல் செய்திருந்தால் அது அரை நாள் வேலை. கேட்டுத் தொலைத்ததால் ஒரு கல்வியாண்டே போயிற்று.

அவள் ஆவூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள். அந்த சென்டர் முதலாளி விண்டோஸுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கு அது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக இருந்தது. ஒவ்வொரு கட்டளையையும் தட்டெழுத வேண்டும், ஓர் எழுத்து பிசகினாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். அப்புறம் கல்யாணம், குவைத், பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. திரும்பி வந்தபோது குன்றாண்டார்கோவில் பக்கம் பூங்குறிச்சிப்பட்டி மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் இடம் காலியாகக் கிடந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கிற சம்பளத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தாள்.

அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர்களை ஆன் செய்துவிட்டு, கடைத்தெருவுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அவை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே இருந்த பழைய விண்டோஸுக்கு இனிமேல் ஆதரவு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். புது விண்டோஸை இந்தக் கிழட்டு மெஷின்கள் தாங்காது. பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் எடுத்த பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. ஒரு புரோகிராம் எழுதி, அதை ஓடவிட்டு, வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் காட்ட வேண்டும். ஓடாத மெஷினில் எதை ஓடவிடுவது?

மேரி வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தால் இலவச இயங்குதளங்கள் ஜவுளிக்கடைப் புடவை மாதிரி குவிந்து கிடந்தன. உபுண்டு என்றார்கள், ஃபெடோரா என்றார்கள், இன்னும் வாயில் நுழையாத என்னென்னவோ. அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான்: ஒன்றும் தெரியாத பிள்ளை உட்கார்ந்தால் எது பயமுறுத்தாது? நாலைந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு மிண்ட் என்பதைப் பிடித்துக்கொண்டாள். கறுப்புத் திரை இல்லை. கீழே ஒரு பட்டை, இடது மூலையில் ஒரு பட்டன். தமிழில் கேட்டால் தமிழிலும் பேசியது. "மாதாவே, இவ்வளவுதானா!" என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் வசந்தகுமாரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு உள்ள வியாதி அவருக்கும் உண்டு, எதற்கெடுத்தாலும் பயப்படுவார்.

"செய்யலாம் டீச்சர், தாராளமா செய்யலாம். ஆனா ஒரு வார்த்தை மேல கேட்டுட்டுச் செஞ்சிட்டா நமக்குப் பாதுகாப்பு."

"மேலன்னா யாருங்க சார்?"

"மேன்மைக் குழு."

மாவட்டக் கணினி மேன்மைக் குழு என்று ஒன்று இருந்தது. கணினியை மேன்மைப்படுத்துவது அதன் வேலை. அதன் தலைவர் நாகராஜனின் அறையில் கணினியை உண்மையிலேயே மேன்மையாகத்தான் வைத்திருந்தார்கள். குஞ்சம் வைத்த வெல்வெட் உறை போட்டு, திரையின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் கலையாமல், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா. மேரி உள்ளே போனதும் கவனித்தது, அதன் மின்வயர் எந்த பிளக்கிலும் சொருகப்படவில்லை.

"உக்காருங்கம்மா. விண்ணப்பத்துல திறந்த மூலம்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா?"

"அதோட உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணாலும் பாக்கலாம் சார். தப்பு இருந்தா திருத்தலாம். அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்."

நாகராஜன் கண்ணாடியைக் கழற்றினார். குழுவின் மற்ற உறுப்பினர்களும் கழற்றினார்கள்.

"யார் வேணாலும் பாக்கலாம்னா அப்புறம் நாங்க எதுக்கும்மா இருக்கோம்? நான் முப்பது வருஷ சர்வீஸ். ஒரு ஃபைல் உள்ள என்ன இருக்குன்னு வெளியில தெரிஞ்சா அதுக்குப் பேரு ஆபீஸா? தப்பு இருந்தா யார் வேணாலும் திருத்தலாம்ங்கிறீங்க. இந்த ஆபீஸ்ல தப்பைத் திருத்துறதுக்கு எனக்கே அதிகாரம் கிடையாது, தெரியுமா?"

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது.

"அடுத்தது, ஆரம்பநிலையாளருக்கு எளிதானதுன்னு போட்டிருக்கீங்க. என்ன ஆதாரம்?"

"நானே போட்டுப் பாத்தேன் சார். ரொம்ப வருஷம் கழிச்சு இப்பத்தான் தொடுறேன். எனக்கே சுலபமா இருந்துச்சு."

"அப்ப நீங்க ஆரம்பநிலையாளர்."

"ஒரு வகையில பாத்தா ஆமா சார்."

"ஆரம்பநிலையாளர் எப்படிம்மா பரிந்துரை பண்ண முடியும்? நிபுணர்தான் பண்ணணும்."

"சரி சார், அப்ப முன்னாடி பாடம் எடுத்தவங்கிற முறையில..."

"நிபுணருக்கு எளிதா இருந்தா அது ஆரம்பநிலையாளருக்கு எளிதுன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு நாகராஜன் சுற்றிலும் பார்த்தார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மேஜையைக்கூடத் தட்டினார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கம்ப்யூட்டரே தெரியாத ஒருவரை உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று கிராம நிர்வாக அலுவலர் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பிக்கிறவரே தன் கையால் தட்டெழுதி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் கிடைக்காது. இதை மேரி சுட்டிக்காட்டியபோது, "நடைமுறைச் சிக்கல்னு ஒண்ணு எப்பவும் இருக்கும்மா" என்றார் நாகராஜன், ரொம்பப் பொறுமையாக.

அந்த அறையிலேயே கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதை ஒப்புக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மழைக்காலம் பிறந்துவிட்டது. பள்ளி மெஷின்களில் பழைய விண்டோஸ் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டது. ஒப்புதல் வரும்வரை வீட்டு லேப்டாப்பையும் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்று குழு சொல்லிவிட்டது. மேரி கரும்பலகையில் கீபோர்டை வரைந்து பாடம் நடத்தினாள். பிள்ளைகள் புரோகிராமை நோட்டில் எழுதினார்கள். அவளே கம்ப்யூட்டராக நின்று, வரி வரியாகப் படித்து, என்ன விடை வரும் என்று வாயால் சொன்னாள். முன் பெஞ்சில் உட்காரும் சுடர்விழி ஒருநாள் எழுந்து நின்றாள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டுக்குக் கூலிக்குப் போகிற வீட்டுப் பெண், காலேஜிலும் கம்ப்யூட்டர்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவள்.

"டீச்சர், நீங்க சொல்றது சரிதான். ஆனா நான் எழுதுனது நெசமாவே ஓடுமா ஓடாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்று சாயங்காலமே மேரி குழுவுக்கு ஒரு நினைவூட்டல் கடிதம் எழுதிப் போட்டாள்.

குழு சும்மா இருக்கவில்லை. அப்படி யாரும் குறைசொல்ல முடியாது. கள ஆய்வுக்குக் கிளம்பினார்கள். ஒரு பொருள் எத்தனை காலம் நீடித்து நிற்கும் என்று ஆராய்வதற்காக, சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர் பாட்டிலோடு வேன் வைத்துக்கொண்டு சித்தன்னவாசல் போனார்கள். மேரியையும் வரச் சொன்னார்கள். குகைக்குள் குனிந்து ஓவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்த நாகராஜன், பாறையில் காலை நீட்டி உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தார்.

"பாத்தீங்களாம்மா? பெயிண்ட் உதிர்ந்துபோச்சு, ஆனா கல்லு நிக்குது. கல்லுல வெட்டுன எழுத்து நிக்குது. அதனால நாம தேர்ந்தெடுக்கிற இயங்குதளத்தையும் கல்லுல வெட்டிரணும்."

"சார், அது மாறிக்கிட்டே இருக்கும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ புதுப் பதிப்பு வரும்."

"அதான் சொல்றேன். மாறக் கூடாது. மாறிக்கிட்டே இருக்கிற ஒண்ணுக்கு அரசாங்கம் எப்படிம்மா பொறுப்பேத்துக்கும்?"

அப்படித்தான் மேரியின் மிண்ட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. அது நல்லதா கெட்டதா, எளிதா கடினமா என்று யாரும் கடைசிவரை பார்க்கவில்லை. கல்லுக்கு வாசகம் வேண்டியிருந்தது, விண்ணப்பத்தில் அந்தப் பெயரும் பதிப்பு எண்ணும் இருந்தன, எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

கறுப்பு கிரானைட்டில் கல் வந்தது. மேலே திறந்து வைக்கப்போகும் பிரமுகரின் பெயர், கட்டைவிரல் தடிமனுக்கு. அதன்கீழ் முன்னிலை நாகராஜன். அதன்கீழ் குழு உறுப்பினர்கள், அவரவர் பட்டங்களோடு. அதன்கீழ் வசந்தகுமார். எல்லாவற்றுக்கும் அடியில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற எழுத்தில் 'மிண்ட் 22.1 இயங்குதளம்'. மேரியின் பெயர் இல்லை. தற்காலிகப் பணியாளர் பெயரை நிரந்தரக் கல்லில் வெட்ட விதியில்லையாம். அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. மூன்றாவது மேஜைக்கு ஒரு கால் குட்டை, அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தும் ஆடுகிறது, அதைச் சரிசெய்ய ஒரு மரத்துண்டு கொடுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தாள். மேஜைக்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்திருந்தது.

கல்லைச் சுவரில் பதித்து, பட்டுத்துணியால் மூடி, லேபையும் பூட்டிவிட்டார்கள். திறந்து வைக்காத ஒன்றைப் பயன்படுத்துவது முறையல்ல. பிரமுகர் வருகிற தேதிதான் அமையவில்லை. முதலில் அவர் வீட்டில் ஒரு கல்யாணம், பிறகு ஒரு துக்கம், பிறகு மார்கழி, மார்கழியில் நல்ல காரியம் ஆகாது. பிள்ளைகள் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போய் நோட்டில் எழுதினார்கள்.

தை பிறந்ததும் ஒரு வழியாக விழா. அன்று காலை மட்டும் மேரியின் கையில் சாவியைக் கொடுத்தார்கள். அவள் விடிந்ததும் வந்து ஒவ்வொரு மெஷினிலும் மிண்ட்டைப் போட்டாள். ஓரத்தில் புதுப் பதிப்பு வந்திருப்பதாகச் செய்தி தெரிந்தது. புதியதைத்தானே போட வேண்டும்? போட்டாள். அதுதான் அவளுடைய இரண்டாவது தப்பு என்று குழுவின் கோப்பில் பின்னால் ஏறியது.

நாதஸ்வரம், சால்வை, குத்துவிளக்கு எல்லாம் ஆயிற்று. பிரமுகர் பட்டுத்துணியை விலக்கிக் கல்லைத் திறந்து வைத்துவிட்டு, லேபுக்குள் ஓர் அடி வைத்து, "பிள்ளைங்க நல்லாப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். நாகராஜன் போட்டோக்காரரை நிறுத்தினார்.

"கல்லுல உள்ள பேரும் ஸ்கிரீன்ல உள்ள பேரும் ஒரே படத்துல விழணும். டீச்சர், பேரைப் பெருசாக் காட்டுங்க."

மேரி காட்டினாள். நாகராஜன் கல்லைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார்.

"கல்லுல இருபத்திரெண்டு புள்ளி ஒண்ணு இருக்கு. இதுல புள்ளி ரெண்டுன்னு வருது."

"புதுசு வந்துருச்சு சார். நாம கேட்டு ஏழெட்டு மாசம் ஆச்சுல்ல."

"கல்லை விடப் புதுசா எப்படிம்மா இருக்கலாம்?"

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் லேபைப் பூட்டி அரக்கு வைத்து, சாவியைக் குழு அலுவலகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சுவரில் பதித்த கல்லைப் பெயர்த்து, விசாரணைக்கான சாட்சிப்பொருள் என்று துணி சுற்றி ஹெட்மாஸ்டர் அறை வாசலில் சாத்தி வைத்தார்கள். கல்வெட்டுக்கு முரணாக நடந்துகொண்டதற்கு விளக்கம் கேட்டு மேரிக்கு ஓலை வந்தது.

விசாரணை நாளில் அவள் ஒரே ஒரு யோசனையோடு புதுக்கோட்டைக் குழு அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், கல்தச்சரைக் கூப்பிட்டு அந்த ஒண்ணை ரெண்டாத் திருத்திருவோம். இல்லையா, நானே எல்லா மெஷின்லயும் பழசப் போட்டுத் தாரேன். எது வேணும்னாலும் செய்றேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது சார், லேபை மட்டும் திறந்து விடுங்க."

"கல்லைத் திருத்துனா, முதல்ல வெட்டுனது தப்புன்னு ஆயிரும். அதுல என் பேரு இருக்கு. நீங்க பழசப் போட்டா, புதுசு போட்டதுக்கான தடயம் அழிஞ்சிரும். எது சரிங்கிறதை ஆராய ஒரு துணைக்குழு போட்டிருக்கோம். மே மாசம் அறிக்கை வந்துரும்."

"மே மாசமா? பிராக்டிகல் இந்த மாசக் கடைசியில சார்!"

"பரீட்சை வருஷா வருஷம் வருதும்மா." நாகராஜன் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார். "நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைங்க வருவாங்க, போவாங்க. கம்ப்யூட்டர் வரும், போகும். கடைசியில என்ன நிக்குது? கல்லு. அதுல பேரு. அதைக் காப்பாத்தத்தான் அரசாங்கம் என்னைய இங்க உக்கார வச்சிருக்கு."

மேரி எழுந்தாள். அவள் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. குவைத்தில் வேலை பார்த்த வீட்டு அரபிக்காரியிடம்கூட அப்படிப் பேசியதில்லை.

"உங்க கம்ப்யூட்டருக்குக் கரண்டே குடுக்கலைங்க சார்," என்றாள். "நான் வந்த முதல் நாளே பாத்தேன். அந்த வயர் இன்னும் தரையிலதான் கெடக்கு. நீங்க எங்க பிள்ளைக பரீட்சைய நிறுத்துறீங்க."

அந்த வாக்கியமும் கோப்பில் ஏறியது, அவமதிப்பு என்ற தலைப்பில்.

செய்முறைத் தேர்வு நாள். வெளித் தேர்வாளராகத் திருமயம் பக்கத்திலிருந்து மணிமேகலை என்ற டீச்சர் வந்திருந்தார். பூட்டையும் அரக்கையும் பார்த்தார். வராந்தாவில் யூனிஃபார்மில் வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"எனக்கும் மனசு கேக்கலைங்க. ஆனா மெஷின்ல செஞ்சு காட்டாம நான் மார்க் போட முடியாது. மத்தியானத்துக்குள்ள திறக்கலைன்னா எல்லாருக்கும் ஆப்சென்ட்னுதான் போடணும்."

வசந்தகுமார் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. குழு அலுவலகத்தில் யாரோ எடுத்து, தலைவர் வேறொரு பள்ளியில் கல் திறக்கப் போயிருக்கிறார், சாவி அவர் பீரோவில் இருக்கிறது, பீரோ சாவி அவர் பையில் இருக்கிறது என்றார்கள். சுடர்விழி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். வருஷம் முழுக்க எழுதிய நோட்டு. அதில் ஒரு வரிகூட எங்கும் ஓடியதில்லை.

மேரிக்குள் எதுவோ அறுந்தது. நேரே ஹெட்மாஸ்டர் அறை வாசலுக்குப் போனாள். துணியை உருவி எறிந்தாள். கல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள், அசைந்தது, எழும்பவில்லை.

"டீச்சர், என்ன பண்றீங்க? அது சாட்சிப்பொருள்!" வசந்தகுமார் ஓடி வந்தார்.

"பூட்டை உடைக்கப் போறேன் சார். நீங்க வேணும்னா அங்கிட்டுத் திரும்பிக்கங்க. நீங்க பாக்கலைன்னே நான் சொல்லிக்கிறேன்."

வசந்தகுமார் திரும்பிக்கொண்டார். வராந்தாவில் நின்ற பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து குனிந்தார்.

"ஒத்தையாத் தூக்காதீங்க, இடுப்பு பிடிச்சிக்கும். அந்த முனையை நான் பிடிக்கிறேன்."

அவர் பிடித்த முனையில்தான் அவர் பெயரும் இருந்தது. இருவருமாகக் கல்லைச் சுமந்துபோய், ஆட்டி, பூட்டின்மேல் ஓங்கி இடித்தார்கள். முதல் இடிக்கு அரக்கு உதிர்ந்தது. அடுத்த இடிக்குப் பூட்டு வாயைப் பிளந்தது, கல்லும் குறுக்கே இரண்டாகப் பிளந்து விழுந்தது. அந்தக் கல் செய்யப்பட்ட நாளிலிருந்து அதனால் ஆன முதல் வேலை அது.

பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். மெஷின்கள் மளமளவென்று எழுந்து நின்றன. சுடர்விழி மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து, கீபோர்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். மேஜை ஆடியது. முதல் தடவை பிழை என்று வந்தது. பயந்துபோய் மேரியைத் திரும்பிப் பார்த்தாள். மேரி வாயைத் திறக்கவில்லை, திறக்கக் கூடாது, தேர்வு. சுடர்விழி நோட்டைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து யோசித்தாள், ஒரு வரியைத் திருத்தினாள், மறுபடி ஓடவிட்டாள்.

"ஓடுது டீச்சர்!" என்று பரீட்சை அறை என்பதையும் மறந்து கத்தினாள். மணிமேகலை அதட்டவில்லை.

அரசுச் சொத்துக்குச் சேதம், சாட்சிப்பொருள் அழிப்பு, அவமதிப்பு என்று மேரியின் மேல் மூன்று குற்றச்சாட்டு. அடுத்த வருஷம் அவளை எடுக்க வேண்டாம் என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். வசந்தகுமாரின் ஓய்வூதியக் கோப்பை எங்கேயோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். துணைக்குழுவின் அறிக்கை மே மாதம் வரவில்லை. கல் இல்லாத நிலையில் எதோடு எதை ஒப்பிடுவது என்று அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. உடைந்த துண்டுகளை அடுத்த உத்தரவு வரும்வரை பள்ளியிலேயே பத்திரமாக வைத்திருக்கும்படி மட்டும் கடிதம் வந்தது.

பத்திரமாகத்தான் இருக்கிறது. இயங்குதளத்தின் பெயர் உள்ள துண்டு பீரோவுக்கு மேலே. பிரமுகரும் நாகராஜனும் உள்ள பெரிய துண்டு, பெயர் பக்கம் கீழே கவிழ்த்தபடி, மூன்றாவது மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில். மேரி வேலையை விட்டுப் போகிற அன்றைக்குத் தானே உட்கார்ந்து அளவு பார்த்து அதை வைத்துவிட்டுப் போனாள். அந்த மேஜை இப்போது ஆடுவதில்லை.